பேணாட் ஐயாவின் மரித்தோர் பட்டியல்

திருகோணமலை மாவட்டத்தில் வாழும் பொதுமக்களுக்கும், உள்துறைமுகத்தில் நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களுக்கும், நகரத்து மதில்களில் ஒட்டப்படும் சுவரொட்டிகளை உரித்துத் தின்று சீவிக்கும் மான்களுக்கும் இத்தால் பெருமையுடன் அறியத்தருவது யாதெனில்: சிறுவர் இலக்கியச் செம்மல், மழலைத் தமிழ்மணி, பல்லாயிரம் பிஞ்சு நெஞ்சங்களின் பேரன்புக்குரிய திரு. சூசைப்பிள்ளை பேணாட் அவர்களின் வாழ்க்கை வரலாறு பதின்மூன்று பாகங்களைக் கொண்ட தொலைக்காட்சித் தொடர் நாடகமாகத் தயாராகிறது. அன்னாரின் சொந்த இல்லத்திலேயே படப்பிடிப்பு நிகழவிருப்பதால், மேற்படி தினங்களில் அயலவர்கள் மா இடித்தல், தேங்காய் பிடுங்குதல், பிள்ளைகளுக்கு அடித்தல் ஆகியவற்றைத் தவிர்த்து, இவ்வரலாற்று முயற்சிக்கு ஒத்துழைக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.

இந்த அறிவித்தலை எழுதியவர் பேணாட். அச்சடிக்கக் கொடுத்தவர் பேணாட். புரட்டாதி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தபோது, பசை வாளியோடு ஒழுங்கையின் மின்கம்பங்கள் தோறும் ஒட்டிக்கொண்டு போனவரும் அவரே. அழகுக்காகச் சுற்றிவரக் கறுப்புக் கரை போட்டிருந்தார். தூரத்தில் நின்று பார்த்த இரண்டு பேர் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவருடைய மனைவி சீலா அவர்களை இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். மறுநாள் விடியும்போது மான்கள் ஒன்பது அறிவித்தல்களைத் தின்றிருந்தன.

பேணாட்டுக்கு அறுபத்தெட்டு வயது. துறைமுகத்தை அண்டிய பண்டகசாலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் பொறுப்பாக இருந்தவர். கயிறு எத்தனை சுருள், தார் எத்தனை பீப்பா, துருப்பிடித்த கொளுக்கி எத்தனை என்று பட்டியல் எழுதுவது உத்தியோகம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, காலாவதியான பட்டியல்களின் பின்பக்கத்தில் பிள்ளைகளுக்குக் கதை எழுதுவது ஊழியம். அப்படி ஒன்பது புத்தகங்கள் வந்தன. அவற்றில் எட்டை அவரே வாங்கி அவரே அன்பளித்து முடித்தார். மற்றது ‘சங்குக்குள்ளே சின்னி’.

கடல் பார்க்கப் போன ஒரு சின்னப் பிள்ளை அலைக்குப் பயந்து சங்குக்குள் புகுந்துவிடுகிறாள். நண்டும் கொக்கும் வெளிச்சவீடும் வெளியே வரச்சொல்லிக் கெஞ்சுகின்றன. அவள் மூச்சுக் காட்டவில்லை. கடைசியில் அப்பா குனிந்து சங்கைக் காதில் வைக்கிறார். “நான் இஞ்சதான் இருக்கிறன்” என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் கதை. மாவட்டத்தில் பிள்ளையாக இருந்த எவருக்கும் அந்தக் கடைசி வரி தெரியும். நல்ல கதை என்பதை அவருடைய எதிரிகளும் மறுத்ததில்லை.

சின்னி என்பது பேணாட்டின் ஒரே மகள் சுதர்ஷிகா. கதை எழுதப்பட்டபோது அவளுக்கு ஆறு வயது. இருபத்து நாலாவது வயதில், வீட்டில் சொல்லாமல், சல்லிக் கடற்கரைக் கிராமத்தில் மீன்பிடிக்கும் கிருஷாந்தனைப் பதிவுத் திருமணம் செய்து, அங்கேயே முத்துமாரியம்மன் கோயிலில் தாலியும் கட்டிக்கொண்டு போய்விட்டாள். வேதமும் வேறு, தொழிலும் வேறு. பேணாட் அன்றைக்குச் சத்தம் போடவில்லை. மகளின் பெயரைச் சொல்லித் திட்டவுமில்லை. நவம்பர் வரும்வரை காத்திருந்தார்.

நவம்பர் ஆத்துமாக்களின் மாதம். பங்கிலுள்ள ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டு மரித்தோரின் பெயர்களைத் தாளில் எழுதி உறையில் போட்டுக் கோயிலில் கொடுக்கும். ஃபாதர் அவற்றைப் பூசையில் வாசித்து மன்றாடுவார். அந்த வருடம் பேணாட்டின் தாளில் தகப்பன், தாய், தமையன், மாமி ஆகியோருக்குக் கீழே ஐந்தாவதாக ஒரு பெயர் இருந்தது: மரிய சுதர்ஷிகா. ஃபாதர் வாசித்தார். சீலா வாங்கிலிருந்து எழுந்து வெளியே போனாள். விசயம் தெரிந்த அறுபது குடும்பங்களும் தத்தமது காலைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஃபாதர்மார் சில வருடங்களுக்கு ஒருதரம் இடம் மாறுவார்கள். வாசிக்கிற பெயர்களில் எது உயிரோடிருந்து நெத்தலி காயவைக்கிறது என்று விசாரிக்க அவர்களுக்கு நேரமில்லை. இப்படிப் பதினொரு நவம்பர்கள் போயின. பதினொரு தரமும் சீலா எழுந்து வெளியே போனாள்.

தொடரின் ஆய்வாளர் கீர்த்தனி என்ற கொழும்புப் பிள்ளை. ஆய்வு என்றால் அவளுக்கு உயிர். கோயில் அலுமாரியைத் திறப்பித்து, பழைய உறைகளைக் கிளறி, பேணாட்டின் கையெழுத்தில் இருந்த தாளைக் கண்டுபிடித்துக் கண் கலங்க வந்தாள். “சேர், சின்னி இறந்திட்டாவா?” என்று கேட்டாள். பேணாட் பொய் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் ஒன்பதாம் பாகம் எழுதப்பட்டுவிட்டது. அதில் ஏழு வயதுச் சின்னி காய்ச்சலில் இறக்கிறாள், தகப்பன் அந்தத் துயரத்தில் மகா காவியம் படைக்கிறார். புத்தகம் அச்சான ஆண்டைப் பார்க்க ஆய்வுக்குத் தோன்றவில்லை. பேணாட்டுக்கும் அதைச் சுட்டிக்காட்டத் தோன்றவில்லை. அவருக்கே தன் துயரம் பிடித்துப்போயிருந்தது.

மூன்று மாதம் இது சீலாவின் காதுக்கு எட்டவில்லை. திங்கட்கிழமை காலை, பெட்டி வந்து இறங்கியபோதுதான் எட்டியது.

சின்னப் பெட்டி. வெள்ளைச் சாயம், தங்கக் கரை. விறாந்தையில் வைத்துவிட்டு, இயக்குநர் டினோஜன் குசினி வாசலுக்கு வந்தான். கழுத்தில் சால்வை, வெயிலில் கறுப்புக் கண்ணாடி, கதைக்கும்போது விரல்களால் சதுரம் காட்டுகிற பழக்கம். சீலா சொதிக்குப் பால் பிழிந்துகொண்டிருந்தாள். மகள் சின்ன வயதில் கோயிலில் முதல்நன்மை எடுத்த படம் வேண்டும் என்றான். முக்காடும் மெழுகுதிரியுமாக நிற்கிற படம், ஐயா சொன்னவர், வியாழக்கிழமை காட்சிக்கு.

“எதுக்குத் தம்பி?”

“பெட்டிக்கு மேல வைக்க, அம்மா.”

சீலா இரண்டாம் பாலையும் பிழிந்து முடித்தாள். பிழிந்த தேங்காய்ப்பூவைக் கோழிக்குக் கொட்டினாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்து பெட்டியைப் பார்த்தாள். மூடியைத் திறந்து உள்ளேயும் பார்த்தாள். பேணாட் கதிரையில் இருந்து வசனத்தாள் வாசிப்பதுபோல முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சாருங்கோ. இதுக்குள்ள ஆர்?”

“நாடகம்தானே சீலா.”

“நவம்பரில ஃபாதர் வாசிக்கிறதும் நாடகமோ?”

அவர் தாளைத் திருப்பினார்.

“படம் என்னட்ட இல்லை,” என்றாள் சீலா. “அவள் போகேக்க நான் குடுத்துவிட்ட ஒரே சாமான் அதுதான். வேணுமெண்டால் நீங்களே சல்லிக்குப் போய்க் கேளுங்கோ. பிள்ளையின்ர செத்தவீட்டுக்குப் பிள்ளையிட்டையே போய்ப் படம் கேளுங்கோ.”

“ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கினம். மெல்லக் கதை.”

“மெல்லத்தான் கதைக்கிறன். வியாழக்கிழமை அந்தப் படத்தோட இந்தப் பெட்டி படலையைத் தாண்டினால், நானும் பின்னால போவன். சேமக்காலைக்கு இல்லை, சல்லிக்கு. பிறகு உங்கட புட்டை உங்கட ரசிகர்மார் வந்து அவிச்சுத் தரட்டும்.”

கத்தியிருந்தால் பேணாட் பயந்திருக்க மாட்டார். நாற்பது வருடத்தில் சீலா கத்திய எதையும் செய்ததில்லை. அன்று மத்தியானம் அவள் வழமைபோல மீனும் சோறும் போட்டாள். சாப்பிட்டு எழுந்தபோது குசினிக் கதவருகே பயணப் பை ஒன்று வாயைத் திறந்துகொண்டு இருந்தது. உள்ளே இரண்டு சேலை. பின்னேரம் தேத்தண்ணீர் குடிக்கப் போனபோது செபமாலையும் கண்ணாடிக் கூடும் சேர்ந்திருந்தன. செவ்வாய் காலை புட்டுச் சாப்பிட்ட நேரத்தில் பிரஷர் குளிசைகள் ஏறியிருந்தன. பை நிறைகிற வேகத்தைப் பேணாட் பண்டகசாலைக் கண்ணால் அளந்தார். வியாழக்கிழமைக்குக் கச்சிதமாக நிறையும்.

அவர் ஜவ்பரின் முச்சக்கரவண்டியைக் கூப்பிட்டார். கையில் ‘சங்குக்குள்ளே சின்னி’யின் ஒரு பிரதி. ‘அன்புடன், ஆசிரியர்’ என்று கையொப்பமிட்டிருந்தார். மகளுக்குக் கொடுக்க வேறென்ன எழுதுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“சல்லிக்கா சேர்?” என்றான் ஜவ்பர். “நம்மட மகளும் வியாழக்கிழமை மையித்து ஊட்டுக்குப் பேர் குடுத்திரிக்காள். ஆளுக்கு ஒரு சோத்துப் பார்சல், ஒரு வெள்ளச் சட்ட. நல்லா அழுவாள் சேர், நீங்க பயப்புடாதீங்க. மவுத்தாற புள்ள ஆரு, உங்கட சொந்தமா?”

பேணாட் கடலைப் பார்த்தார். கடல் வலப்பக்கம் வசதியாக இருந்தது.

சல்லியில் அன்று காலை முழுக்க நல்ல வெயில். பழைய வலைகளை மணலில் விரித்து நெத்தலி பரப்பியிருந்தார்கள். கம்புத் தட்டிகளில் பிளந்து உப்பிட்ட பாரை வரிசையாகக் கிடந்தது. இரண்டு மணியளவில் காற்று திடீரென்று விழுந்துவிட்டது. தம்பலகாமப் பக்கமிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பேணாட் வேலிக்கு வெளியே நின்றார். கூப்பிட வாய் திறந்தார். பதினொரு வருடமாகத் தாளில் மட்டும் எழுதிய பெயர் வாயில் வர மறுத்தது. ஒருதரம் இருமினார்.

“இஞ்சதான் இருக்கிறன்,” என்று தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “படலை பூட்டேல்லை, வாங்கோ. மிதியடியைக் கழட்டிப்போட்டு வாங்கோ, மீன் கிடக்கு.”

சுதர்ஷிகா நிமிரவில்லை. ஈர்க்கில் விளக்குமாற்றால் நெத்தலியை வலையின் நடுவுக்குக் கூட்டிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை செதில் வெள்ளியாக ஒட்டியிருந்தது. தகப்பனை மேலும் கீழும் பார்த்தாள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் புத்தகம். பிறகு வானத்தைப் பார்த்தாள்.

“அப்பா, கதை பிறகு. மழை வரப்போகுது. அந்தக் கடகத்தை எடுங்கோ.”

அவர் எடுத்தார். அவள் அள்ளிப்போட, தூக்கிக்கொண்டு போய்த் தகரக் கொட்டிலுக்குள் கொட்டினார். மூன்றாவது நடையில் வேட்டி முள்ளில் கிழிந்தது. ஐந்தாவது நடையில் மூச்சு வாங்கியது. “குனிஞ்சு அள்ளுங்கோ, உதைச்சுத் தள்ளாதையுங்கோ. நெத்தலி உடைஞ்சால் ஒருத்தரும் வாங்க மாட்டினம்,” என்று அவள் சொல்லிக்கொண்டேயிருந்தாள். பக்கத்து வளவுப் பெண்கள் தங்கள் மீனை அள்ளியபடியே, மழலைத் தமிழ்மணி கடகம் சுமப்பதை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். பாரைத் தட்டிகளுக்குத் தார்ப்பாய் இழுத்தபோது நாலு மூலைக்கு மூன்று கல்தான் இருந்தது. சுதர்ஷிகா அவர் கக்கத்திலிருந்த புத்தகத்தை வாங்கினாள். அட்டையைப் பார்த்தாள். திறந்து கையொப்பத்தையும் பார்த்தாள். மூலையில் வைத்து, உப்பு வாளியை அதன்மேல் ஏற்றினாள்.

முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன. இருவரும் கொட்டிலுக்குள் மீன் குவியலுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். அவள் சுடுதண்ணிப் போத்தலிலிருந்து பிளேன்ரீ ஊற்றி, சீனியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“எப்பிடிச் செத்தனான்?” என்று கேட்டாள்.

“என்ன?”

“நாடகத்தில. என்ர மனுசனும் அங்க கேட்டவராம், ஒருத்தருக்கும் வடிவாத் தெரியேல்லையாம். காய்ச்சலோ, கடலோ?”

“காய்ச்சல்,” என்றார் பேணாட். “மூளைக்காய்ச்சல்.”

“எத்தினை வயதில?”

“ஏழு.”

“பரவாயில்லை. வாய்ப்பாடு பாடமாக்க முதல் போயிட்டன்.” அவள் கையில் ஒட்டிய செதிலை நகத்தால் உரித்தாள். “இவரையும் பெட்டி தூக்க எடுத்திருக்கினம், தெரியுமோ? முன்பக்கம், இடது. உயரம் காணுமாம். பொஞ்சாதியின்ர பெட்டி எண்டு தெரியாமல்தான் பேர் குடுத்தவர். பிறகு விட்டிட்டு வாறன் எண்டார். நான்தான் போகச் சொன்னனான். ஆர் ஆரோ தூக்கிறதுக்கு அவரே தூக்கட்டும்.”

மழை பிடித்துக்கொண்டது. பேணாட் சீனியை நக்காமல் வைத்திருந்ததில் அது கரைந்து விரலிடுக்கில் ஓடியது.

“நீ சொல்லாமல்தானே பிள்ளை போனனி,” என்றார்.

“ஓம். சொல்லாமல் போனனான். அதுக்குப் பேசியிருக்கலாம். வந்து அடிச்சிருக்கலாம். நீங்கள் ஃபாதரைக் கொண்டு வாசிப்பிச்சீங்கள். என்ர பேர் வரேக்க அம்மா எழும்பி வெளிய போறவ. நீங்கள் இருந்து கேட்டனீங்கள். பதினொரு தரம் கேட்டனீங்கள் அப்பா.”

“கோவத்தில எழுதினது முதல் வருசம்தான்.”

“மற்றப் பத்தும்?”

சொல்லக்கூடிய அழகான காரணங்கள் நாலைந்து அவரிடம் இருந்தன. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, வாழ்க்கையில் முதன்முறையாக, அழகில்லாத ஒன்றைச் சொன்னார்.

“போன வருசத்துத் தாளைப் பாத்துத்தான் புதுசு எழுதுறனான். ஸ்ரோர்ப் பழக்கம். ஒரு சாமான் பட்டியலில ஏறினால், கடிதம் இல்லாமல் வெட்ட ஏலாது.”

சுதர்ஷிகா சிரித்துவிட்டாள். தாயின் சிரிப்பு, சத்தமில்லாதது.

“ஆரிட்ட இருந்து கடிதம் வேணும் அப்பா?”

மழை குறைந்ததும் அவள் வீட்டுக்குள் போய், பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய படத்தோடு வந்தாள். அவர் எதிர்பார்க்கவில்லை. மறுப்பாள், அழுவாள், கெஞ்சுவாள் என்று வழியெல்லாம் வசனம் தயாரித்து வந்திருந்தார்.

“கொண்டு போங்கோ. என்ன செய்யப்போறீங்கள் எண்டு எனக்குச் சொல்ல வேண்டாம். வியாழக்கிழமை இவர் வந்து சொல்லுவார், பெட்டிக்கு மேல எந்தப் படம் இருந்தது எண்டு.”

திரும்பும் வழியில் ஜவ்பர் மூக்கை உறிஞ்சி, கருவாடு வாங்கியதா சேர் என்று கேட்டான். பேணாட் ஓம் என்றார்.

புதன்கிழமை காலை அவர் குளித்து, புதுச் சட்டை போட்டு, விறாந்தைக்கு வந்தார். டினோஜன் பெட்டியைச் சுற்றி விரலால் சதுரம் காட்டிக்கொண்டிருந்தான். கீர்த்தனி அடுத்த நாளைய அழுகைகளுக்கு ஒழுங்கு எழுதிக்கொண்டிருந்தாள். குசினியில் சீலா தேங்காய் துருவும் சத்தம். பை கதவருகே நின்றது. அதன் வாய் இப்போது பாதி மூடியிருந்தது.

“மகள் உயிரோட இருக்கிறா,” என்றார் பேணாட்.

கீர்த்தனியின் பேனை நின்றது. “எங்க சேர்?”

“சல்லியில. கருவாடு போடுறா.”

“ஆனா கோயில் பட்டியல்?”

“அது நான் எழுதினது. கோவத்தில. பிறகு பழக்கத்தில.”

இரவு முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்தபோது இந்த இடத்தில் பெரும் மௌனம் ஒன்று வருவதாக இருந்தது. வரவில்லை. டினோஜன் உடனேயே கதைத்தான்.

“சேர், இதை வேற ஆருக்கும் சொன்னீங்களா?”

“எல்லாருக்கும் தெரியும் தம்பி. உங்களுக்குத்தான் தெரியாது.”

“அப்ப ஒண்டும் சொல்லாதீங்க. ஒன்பதாம் பாகத்தை நோக்கித்தான் முழுத் தொடரும் போகுது. உயிரோட இருக்கிற மகளை வச்சு நான் என்ன செய்ய? சனம் ஏன் அழ வேணும்? நீங்க ஒப்பந்தத்தில கையெழுத்துப் போட்டிருக்கிறீங்க. படத்தைத் தாங்க, பெட்டி நாளைக்குப் போகும்.”

தேங்காய் துருவும் சத்தம் நின்றது. பிறகு பையின் மற்றப் பாதி இழுபட்டு மூடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பேணாட் குசினிப் பக்கம் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். கையிலிருந்த பத்திரிகைச் சுற்றிலிருந்து நெத்தலி மணம் எழும்பியது.

“ஒருத்தர் சாக வேணும். அவ்வளவுதானே?” என்றார்.

“ஓம், சாகத்தான் வேணும்.”

“அப்ப நான் சாகிறன்.”

டினோஜன் அவரைப் பார்த்தான். தலையிலிருந்து கால்வரை, வெளிச்சம் அளப்பதுபோலப் பார்த்தான்.

“எத்தினையாம் பாகத்தில?”

“பதின்மூண்டில. கடைசியில. அவள் சங்குக்குள்ளயே இருக்கட்டும், அவளை விடுங்கோ.”

டினோஜன் வெளியே போய்க் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, முற்றத்துச் சூட்டில் அரைமணி நேரம் அங்குமிங்கும் நடந்தான். கீர்த்தனி அழுதாள். மூன்று மாத ஆய்வுக்காகவா, பேணாட்டுக்காகவா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பேணாட் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அவருடைய வாழ்க்கையில் அப்படியொரு உண்மையான அரைமணி நேரம் அதற்கு முதல் இருந்ததா தெரியவில்லை. சரியாக அரைமணி நேரம்தான் அது நீடித்தது.

டினோஜன் திரும்பி வந்து, கொழும்பு சம்மதம் என்றான். “ஆனா பொதுமக்கள் அஞ்சலி பெரிசா வைக்க வேணும்.”

“வைக்கலாம்.”

“பொன்னாடைகள் இருக்கா?”

“அறுபத்திரண்டு,” என்றார் பேணாட்.

அதிலிருந்து தியாகம் வேறு பாதையில் போயிற்று. அஞ்சலியுரையைத் தானே எழுதித் தருவதாகச் சொன்னார். யார் யார் கதைக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் போட்டார். பெட்டி கடற்கரை வழியாகப் போனால் மான்களும் வரும், படம் வடிவாக இருக்கும் என்று யோசனை சொன்னார். தன் மரணத்துக்குச் சம்மதம் தெரிவித்து மூன்று பிரதிகளில் கையெழுத்திட்டார். பெட்டிக்கு மேல் வைக்கத் தன் படங்கள் ஐந்தைக் கொண்டுவந்து பரப்பி, எது உருக்கமாக இருக்கிறது என்று கீர்த்தனியைக் கேட்டார்.

குசினியில் தேங்காய் துருவும் சத்தம் மறுபடி தொடங்கியது.

வியாழக்கிழமை வெயில் கொளுத்தியது. சின்னப் பெட்டியைக் கொடுத்துவிட்டு ஜவ்பர் எங்கிருந்தோ பெரிய பெட்டி பிடித்து வந்தான். கிருஷாந்தன் வெள்ளைச் சட்டையோடு, பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, மாமனார் வீட்டுப் படலைக்குள் வந்தான். மாமனாரின் பெட்டியைத் தூக்க வந்தான். சீலா அவனைக் குசினிக்குக் கூப்பிட்டு, கதிரை போட்டு, தேத்தண்ணீர் கொடுத்து, “சீனி காணுமோ தம்பி?” என்று கேட்டாள். பையிலிருந்த சேலைகள் கொடியில் காய்ந்தன. நாலு நாள் மடிந்து கிடந்ததில் பூச்சி வாசம் ஏறிவிட்டதாம்.

இறந்தவர் வெளியே தெரியக்கூடாது என்பதால் பேணாட்டை அறைக்குள் இருத்தியிருந்தார்கள். அவர் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் இடது தூக்கியவனைப் பார்த்து டினோஜன் மூன்று தரம் கத்தினான்: இன்னும் கவலையாக, தம்பி, உங்கட சொந்த அப்பா எண்டு நினைச்சுக்கொண்டு. கிருஷாந்தன் ஏலுமானவரை முயன்றான். ஜவ்பரின் மகள் வாக்களித்தபடியே அழுதாள்.

முதல்நன்மைப் படம் விறாந்தைச் சுவரில், பதினொரு வருடமாகச் சும்மா இருந்த ஆணியில் தொங்கியது. பேணாட்தான் மாட்டியிருந்தார். கமராவுக்குப் பின்பக்கச் சுவர் அது. தொடரில் வராது.

பின்னேரம் சல்லியில் சுதர்ஷிகா பாரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். கிருஷாந்தன் வந்து சோற்றுப் பார்சலைக் கொடுத்தான்.

“எந்தப் படம்?” என்றாள்.

“அவரின்ர. பொன்னாடை போட்டது.”

அவள் தலையாட்டினாள். மற்றத் தட்டிக்குப் போனாள்.

அந்த நவம்பரில் பேணாட் தாளே கொடுக்கவில்லை. தொடர் அடுத்த வருடம் ஒளிபரப்பாகி ஐப்பசியில் முடிந்தது. சல்லியில் கடைசிப் பாகத்தன்று மின்சாரம் இல்லை. அந்த வருடத்துக்குள் சுதர்ஷிகா மூன்று தரம் வீட்டுக்கு வந்திருந்தாள். குசினியில் தாயோடு இருந்து கதைத்தாள், நெத்தலி கொடுத்தாள், தகப்பனிடம் சுகம் கேட்டாள், போனாள். அவருக்கு அது போதவில்லை. ஆனால் கேட்கவும் தைரியமில்லை. நவம்பர் முதல் நாள் அவர் மேசையில் இருந்து மரித்தோர் தாளை எழுதினார். பழைய தாளை எடுக்கவில்லை. நாலு பெயர் எழுத முற்பகல் முழுக்கப் பிடித்தது. சீலாவிடம் காட்டினார். அவள் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, உறையை நக்கி ஒட்டினாள்.

ஆனால் கோயிலுக்குத் தபாலில் வேறு உறைகள் வந்திருந்தன. மன்னாரிலிருந்து, நீர்கொழும்பிலிருந்து, பெயர் தெரியாத தோட்டமொன்றின் சின்னக் கோயிலிலிருந்து. கடைசிப் பாகத்தைப் பார்த்து அழுத பிள்ளைகள் கொப்பித் தாளில் எழுதி அனுப்பியவை. ஃபாதர் ஆவணியில்தான் மாறி வந்தவர். எல்லாவற்றையும் ஒரே கட்டாக அடுக்கிப் பூசையில் வாசித்தார். சூசைப்பிள்ளை, ஞானம்மா என்று பேணாட் வீட்டு நாலு பெயர்களும் வந்தன. ஐந்தாவது வரவில்லை. பேணாட் மூச்சை விட்டார். அடுத்த தாளைப் புரட்டிய ஃபாதர், சிறுவர் இலக்கியச் செம்மல் சூசைப்பிள்ளை பேணாட் என்று நிறுத்தி, தெளிவாக வாசித்தார்.

அறுபது குடும்பங்களும் காலைப் பார்த்தன. மூன்றாம் வாங்கிலிருந்த பேணாட் பக்கத்தில் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

சீலா எழுந்து வெளியே போகவில்லை.